ஏழு பத்து, ஏழு நாற்பது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. ஒரு பக்க விளக்கக் கடிதமாகத் தொடங்கியது.

திங்கட்கிழமை பிற்பகல். அக்கா டூட்டி உடையோடு என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"நீ எழுதறவன்தானே? எனக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு."

"என்ன பக்கம்?"

"விளக்கக் கடிதம். ஆஸ்பத்திரிக்கு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. படிச்சா நம்பற மாதிரி இருக்கணும்."

"உண்மைய எழுதிக் குடுத்துடேன். அதைவிட நம்பற மாதிரி என்ன இருக்கு?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"உண்மையா இருந்தா நானே எழுதியிருக்க மாட்டேனா? உன்கிட்ட எதுக்குடா வர்றேன்?"

வாரப் பத்திரிகைகளில் மர்மத் தொடர்கள் எழுதிப் பிழைக்கிறவன் நான். பதினைந்து வருடங்களில் பதினேழு பேரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஊசி போட்டே கொன்றிருக்கிறேன். ஒருவரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கியதில்லை. அக்கா இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். அறுவை சிகிச்சை வார்டு. என் தொடர்களை விடாமல் படிப்பாள். படித்துவிட்டுப் போனில் திட்டுவாள். "ஏன்டா, உன் கதையில வர்ற நர்ஸுங்க யாருமே சார்ட் எழுத மாட்டாங்களா? ஊசியைப் போட்டுட்டு ஜன்னலைப் பாத்துப் பெருமூச்சு விடறா. என்ன மருந்து, எத்தனை மணின்னு யாரு எழுதறது, உன் ஆசிரியரா?"

அப்படிப்பட்டவள் வாசலில் நின்று என்னிடம் ஒரு பக்கம் பொய் கேட்கிறாள். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மாமாவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"அவர்கிட்ட சொன்னா மைக் வெச்சுத் தெருவுக்கே சொன்ன மாதிரி."

2

கதைக்குள் போவதற்கு முன்னால் ஒரு விதி.

அக்கா அவளுடைய ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கு மாதம் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிறாள். நோயாளியின் ஒப்புதல், நோயாளியின் ரகசியம், பதிவேடு எழுதும் முறை, தவறு நடந்தால் என்ன செய்வது. எல்லாம் சட்டமும் நெறியும் சம்பந்தப்பட்டவை. பதிவேட்டுப் பாடத்தில் அவள் சொல்வது எனக்கு மனப்பாடம். வீட்டில்தான் ஒத்திகை பார்ப்பாள்.

"தப்பா எழுதிட்டீங்களா? கிறுக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தாளைக் கிழிக்கவே கூடாது. மேல ஒரே ஒரு கோடு. அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, தேதி, நேரம், கையெழுத்து. நீங்க அடிச்ச வார்த்தையும் சாட்சிதாம்மா. அதுக்கு வாய் இருக்கு."

இந்தக் கதையை அந்த விதிப்படி எழுதப்போகிறேன். நான் அடித்தவை சதுர அடைப்புக்குள் அப்படியே இருக்கும். கிழிக்க மாட்டேன். (என் ஆசிரியர் இந்த அடைப்புகளைப் பார்த்துவிட்டு, "அச்சுக்கு வர்றதுக்கு முன்னால இதையெல்லாம் எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டார். எடுக்க மாட்டேன் என்றேன். "ஏன்?" என்றார். சொன்னால் கதை தெரிந்துவிடும் என்று சொல்லி போனை வைத்தேன்.)

3

தொடக்கம் எனக்குக் கை வந்த கலை. முதல் வரியில் வாசகரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட வேண்டும்.

[டிராலியின் சக்கரம் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்குள் ஒரு மரணம் ஒளிந்திருந்தது.]

அடித்தேன். இந்தக் கதையில் யாரும் சாகவில்லை.

[வெள்ளை உடையில் ஒரு தேவதை—]

அக்கா படித்தால் செருப்பு பறக்கும். தவிர, அவர்கள் உடை வெளிர் பச்சை.

[அவள் ஒரு கையெழுத்தைப் பொய்யாகப்—]

இதுவும் இல்லை. கையெழுத்து பொய்யில்லை. நோயாளி தன் கையாலேயே போட்டது. பக்கத்தில் அக்கா எழுதிய நேரம்தான் பொய். காலை 7.40 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7.10 என்று இருக்கிறது.

அரை மணி நேரம். அவ்வளவுதான் குற்றம். பதினேழு கொலை செய்தவனுக்கு இது ஒரு கதையா என்று முதலில் எனக்கும் தோன்றியது.

4

நோயாளியை மறைத்தாக வேண்டும்.

அவரைப் பேருந்து நிலையத்து அறிவிப்பாளர் ஆக்கிவிடுகிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் என்று மைக்கில் சொல்கிறவர். ஐம்பதை நெருங்குகிற பெண்மணி. உண்மையில் அவர் அறிவிப்பாளர் இல்லை. பெண்மணியா என்பதையும் சொல்ல மாட்டேன். ஆனால் குரலால் சாப்பிடுகிற தொழில். அதை மாற்றினால் கதையே போய்விடும். கழுத்தில் கட்டி, அதற்கு ஆபரேஷன். அதையும் மாற்ற முடியவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியும் ஆபத்தானதில்லை. குரல் மட்டும் கூடவே போய்விட்டது.

மூன்று மாதமாகக் காற்றுதான் வருகிறது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள். நிலையத்தில் அவரை மைக்கிலிருந்து எடுத்துத் தொலைந்த பொருட்கள் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களிடம் ஒரு சிறு நோட்டில் எழுதிக் காட்டித்தான் பேசுகிறார். 'என்ன தொலைச்சீங்க?' என்று முதல் பக்கத்தில் நிரந்தரமாக எழுதி வைத்திருக்கிறாராம்.

(அந்தக் கடைசி வரி என் கற்பனை. நோட்டு மட்டும் நிஜம்.)

அந்த நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள்தான் ஆஸ்பத்திரிக்குப் புகாராக வந்தது. நாலே வரி.

'ஆபரேஷன் பண்ணினா குரல் போகலாம்னு படிவத்துல போட்டிருக்கு, அடியில நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்கன்னு சொல்றாங்க. என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. ஆனா போட்டதா ஞாபகமே இல்ல. நான் எப்போ போட்டேன்?'

5

நடந்ததை இப்போது நேராகச் சொல்கிறேன். அக்கா தம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னது.

முதல் நாள் மாலை பயிற்சி டாக்டர் வந்தார். நாலு நிமிடம் விளக்கினார். படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அறிவிப்பாளர் அம்மா பேனாவை வாங்கிக்கொண்டு, "ஒரே ஒரு சந்தேகம் இருக்கு. காலையில பெரிய டாக்டர் வந்ததும் கேட்டுட்டுப் போடறேனே" என்றார். சரி என்று படிவத்தை ஃபைலில் சொருகிவிட்டுப் போய்விட்டார் பயிற்சி டாக்டர்.

மறுநாள் காலை. அறிவிப்பாளர் அம்மாவுக்குப் பத்தரை மணிக்குத்தான் ஆபரேஷன். இரண்டாவது கேஸ். ஏழேகாலுக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து போன்.

"முதல் கேஸுக்குச் சளி, காய்ச்சல். எடுக்க முடியாது. ரெண்டாவதை ரெடி பண்ணி உடனே அனுப்புங்க."

அந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. தியேட்டர் போன் காதில் இருக்கும்போதே சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிவிடுவார்கள். ஒன்பது கட்டம். வெறும் வயிறா, நகையைக் கழற்றியாச்சா, பல் செட் இருக்கிறதா, கையில் பெயர்ப் பட்டை கட்டியாச்சா. ஆறாவது கட்டம்: ஒப்புதல் கையெழுத்து. அக்கா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு படிவத்தை அரைக்கண்ணால் பார்த்தாள். அடியில் ஒரு கையெழுத்து தெரிந்தது. அது பயிற்சி டாக்டருடையது. ஒன்பது டிக்கும் ஒரே மூச்சில் விழுந்தன.

"இருபத்திரண்டு வருஷமா ஒண்ணொண்ணா பாத்துட்டுதான்டா டிக் அடிச்சேன்" என்றாள். பிறகு, "இல்ல. கடைசி நாலஞ்சு வருஷமா மொத்தமா அடிச்சிட்டுத்தான் பாக்கறேன்."

7.25-க்கு ஊசி போட்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் பதற்றத்தைத் தணிக்கிற ஊசி. போட்டால் மனம் இளகும், பேச்சு குழறும், அந்த நேரத்து ஞாபகம் தங்காது. கையெழுத்து வாங்குவதென்றால் இந்த ஊசிக்கு முன்னால் வாங்க வேண்டும். பின்னால் வாங்கினால் அது வெறும் மை. அக்கா வகுப்பில் முதல் பத்து நிமிடம் இதைத்தான் சொல்வாள்.

7.38-க்கு டிராலி வந்தது. ஃபைலைத் தலைமாட்டில் வைப்பதற்காக எடுத்தவள், படிவம் கீழே நழுவ, குனிந்து எடுத்தாள். நோயாளி கையெழுத்துப் போட வேண்டிய கோடு காலியாக இருந்தது. டூட்டி மாறும்போது இரவு நர்ஸ் அந்தச் சந்தேகத்தைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சிஸ்டர், சீக்கிரம், தியேட்டர்ல கத்தறாங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டைப் பிடிக்க ஓடினார் டிராலிக்காரர்.

இந்த இடத்தில் என் தொடர்கதையாக இருந்தால் 'தொடரும்' போட்டிருப்பேன். அக்காவுக்கு ஒரு வாரம் கிடைக்கவில்லை. இரண்டு நிமிடம் கிடைத்தது.

பேனாவை அறிவிப்பாளர் அம்மாவின் விரல்களுக்கு நடுவே வைத்தாள். "அம்மா, இங்க ஒரு கையெழுத்து. ஏதோ சந்தேகம் கேக்கணும்னு சொன்னீங்களே?"

அந்த அம்மா சிரித்தாராம். "சந்தேகமா… என்ன சந்தேகம்… மறந்துபோச்சு சிஸ்டர். நீங்களே கேட்டுச் சொல்லிடுங்க."

கையெழுத்து கோட்டிலிருந்து வழுக்கிக் கீழே போனது. அப்போது மணி 7.40. அக்கா 7.10 என்று எழுதினாள். ஊசிக்கு முன்னால், போனுக்கும் முன்னால். டிராலி கூடவே, அந்த அம்மாவின் கையைப் பிடித்தபடி தியேட்டர் கதவு வரைக்கும் போனாள்.

"நிறுத்தியிருக்கலாமே" என்றேன்.

"நிறுத்தியிருக்கணும். டாக்டர்கிட்ட போன் பண்ணி, 'சார், கையெழுத்து இல்ல, ஊசி போட்டுட்டேன், தப்பு என்னோடது'ன்னு சொல்லியிருக்கணும். மருந்து இறங்கினப்புறம், இல்லேன்னா மறுநாள் செஞ்சிருக்கலாம். உயிருக்கு ஆபத்துன்னா வேற கணக்கு, கையெழுத்தெல்லாம் காத்திருக்கும். இது அவசரமே இல்லடா. அதுதான்… அவசரமே இல்ல."

6

எனக்கு இப்போது ஒரு பாத்திரச் சிக்கல்.

இந்தக் கதையில் வில்லன் யார்? பயிற்சி டாக்டரா? அவர் படிவத்தை வைத்துவிட்டுப் போனார், ஆனால் மறைக்கவில்லை. பெரிய டாக்டரா? கத்தி பிசகவில்லை. "எவ்வளவு நல்லா செஞ்சாலும் சில பேருக்குக் குரல் போகும், அந்த நரம்பு அங்கதான் ஓடுது, அது யார் தப்பும் இல்ல" என்கிறாள் அக்கா. "ஆனா போகும்னு தெரிஞ்சு படுக்கறது வேற, தெரியாம படுக்கறது வேற."

[அக்கா நல்லவள், சூழ்நிலை—]

அடித்தேன். என் தொடர்களில் பிடிபடுகிற ஒவ்வொருவனும் கடைசி அத்தியாயத்தில் இதைத்தான் சொல்கிறான்.

[அக்கா குற்றவாளி.]

இதையும் அடித்தேன். அடித்துவிட்டு வெகுநேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் அடித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. நான் தம்பி என்பதாலா, அந்த வரி தவறு என்பதாலா?

இடையில் மேட்ரன் வேறு அக்காவைக் கூப்பிட்டு ஃபைலைப் புரட்டியிருக்கிறார். "கையெழுத்து ஏழு பத்து. ஊசி ஏழு இருபத்தஞ்சு. எல்லாம் சரியாத்தானே இருக்கு? எழுதியிருந்தா நடந்துச்சுன்னு அர்த்தம். இதையே விளக்கத்துல எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"மேட்ரனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சுக்கறதுல பிரியமும் இல்ல."

இந்த நிமிடம்வரை 7.40 என்பது தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டுமே. இப்போது நீங்கள். (மன்னிக்கவும். உங்களைக் கேட்காமலே சேர்த்துவிட்டேன்.)

7

முதல் கடிதத்தைப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். அருமையாக வந்திருந்தது. வாய்விட்டுப் படித்தேன்.

[காலை 7.10 மணி. ஜன்னல் வழியே இளவெயில் கட்டிலில் விழுந்திருந்தது. நோயாளி தலையணையில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடியை அணிந்து, படிவத்தை வரிவரியாக வாசித்தார்…]

"வெயிலை எடு" என்றாள் அக்கா.

"வெயில் இருந்தா நம்புவாங்கக்கா. அனுபவத்துல சொல்றேன்."

"அன்னிக்கு மழைடா."

வெயிலை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியை எடுக்கச் சொன்னாள். அவருக்குக் கண்ணாடியே கிடையாதாம். தலையணையை எடுக்கச் சொன்னாள். கடைசியில் 7.10 மட்டும் மிஞ்சியது. அதை எடுக்கச் சொல்லவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது கடிதம் பாதிப் பாதி.

[வேலைப் பளுவின் காரணமாக நேரம் குறிப்பதில் சிறு மாறுபாடு ஏற்பட்டிருக்க வாய்ப்புள்ளது.]

"இது யாரு பேசறது?" என்றாள். "மாறுபாடு தானா வந்து ஏற்பட்டுச்சா? பஸ் ஏறி வந்துச்சா?"

மூன்றாவது, உண்மை. மூன்று வரிதான் வந்தது. நாலாவது வரிக்குப் போனால் அக்காவின் நர்ஸ் பதிவு எண் போகும். வார்டு போகும். அந்த ஒரு மணி நேர வகுப்பு போகும். முதல் பத்து நிமிடம் பாடம் நடத்தியவளே அந்தப் பத்து நிமிடத்தை மீறினாள் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேசும்.

என்னை உண்மையில் அரித்தது வேறொன்று. அந்தச் சந்தேகம். அறிவிப்பாளர் அம்மா பெரிய டாக்டரிடம் கேட்க நினைத்த அந்த ஒரே ஒரு கேள்வி என்ன?

அது யாருக்கும் தெரியாது. கேட்கவே இல்லையே. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

'குரலுக்கு ஏதாவது ஆகுமா?' என்று வைத்தால் அக்கா தீர்ந்தாள். பெரிய டாக்டர் ஆமாம் என்றிருப்பார், அந்த அம்மா எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார், இன்றைக்கும் மைக்கில் பேசிக்கொண்டிருப்பார். 'எப்போ சாப்பிடலாம்?' என்று வைத்தால் அக்கா பிழைத்தாள். கேட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. 'தழும்பு தெரியுமா?' என்பது நடுவில்.

இதை அக்காவிடம் சொன்னேன்.

"எதுவா இருந்தா என்னடா? ஒண்ணுமே இல்லாத கேள்வியா இருந்தாலும் அவங்க கேள்வி. கேக்க விடாம ஊசி போட்டேன்ல?"

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஆனா தெரிஞ்சா நல்லா இருக்கும்."

8

புதன்கிழமை அக்கா என் மேஜையில் இந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டாள்.

நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் நாலாவது பிரிவைப் படித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது என்ன?"

"சும்மா. குறிப்பு."

"இது குறிப்பாடா? பஸ் ஸ்டாண்டு, மைக்கு, கண்ணாடிக் கூண்டு… யாரைக் கேட்டு எழுதினே?"

"நீதானேக்கா சொன்னே."

"நான் என் தம்பிகிட்ட சொன்னேன். அதுவே தப்பு. வார்டுல கேட்டது வார்டோட போகணும். சொன்னது என் தப்பு, சரி. நீ அதை லட்சம் பேருக்குச் சொல்லப் போறியா?"

"லட்சம் எல்லாம் இல்ல. விற்பனை இறங்கிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் மாத்திட்டேன். தொழிலை மாத்திட்டேன்" என்றேன்.

"அது போதாது. அந்த அம்மாவே இதைப் படிக்கறாங்கன்னு வெச்சுக்கோ. 'யாரோ பாவம்'னு புரட்டிட்டுப் போகணும். அப்பத்தான் மறைச்சேன்னு அர்த்தம்."

அதற்குப் பிறகு இன்னும் மாற்றினேன். எதையெல்லாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்ற மாற்ற ஒன்று இடறியது. அந்த அம்மா கேட்பது ஒரே ஒரு விஷயம்: 'நான் எப்போ போட்டேன்?' அதற்கான பதில் இந்தப் பக்கங்களில் இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. நான் ஒழுங்காக மறைத்தால் அவர் இதைப் படித்தாலும் தன் பதிலை அடையாளம் காண மாட்டார். மறைக்காவிட்டால் அவருடைய ரகசியத்தை ஊருக்குக் கொடுத்தவன் ஆவேன்.

மறைத்தாலும் தப்பு, மறைக்காவிட்டாலும் தப்பு என்று—

[ஆகவே சரியான வழி]

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். வரவில்லை.

(நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அக்கா கடைசியில் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் நான்)

அன்று போகும்போது அக்கா மூன்று கடிதங்களையும் எடுத்து அடுக்கினாள். பேனாவை வாங்கி, நான் எழுதியவற்றின் மேல் ஒவ்வொரு வரியாகக் கோடு இழுத்தாள். ஒற்றைக் கோடு. வாய்ப்புள்ளது, மாறுபாடு, வேலைப் பளு எல்லாம் கோட்டுக்கு அடியில் போயின. பிறகு ஒரு புதுத் தாளில் தன் கையெழுத்தில் இரண்டே வரி எழுதினாள். 'நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கியது நான்தான்' என்பது முதல் வரி. இரண்டாவது வரி நேரம். 'காலை' என்று எழுதி அப்படியே விட்டுவிட்டாள்.

"நேரத்தை அங்க போய் எழுதிக்கறேன்."

9

வியாழன், பத்து நாற்பது. நிர்வாகப் பிரிவுத் தாழ்வாரம். இரும்பு பெஞ்ச், தண்ணீர் இயந்திரம், 'அமைதி காக்கவும்' என்ற பலகை. அக்கா வரச் சொன்னாள் என்று நானும் போயிருந்தேன்.

பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. மடியில் நோட்டு.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவரையும் பதினோரு மணிக்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். என் தொடராக இருந்தால் இரண்டு பேரையும் வேறு வேறு மாடியில் வைத்திருப்பேன்.

அக்காவைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையால் எழுதிக் காட்டினார்.

'அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தீங்க. அந்தக் காலையில அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு.'

அக்கா என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. "நல்லா இருக்கீங்களாம்மா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா, தெரியவில்லை.

வருகைப் பதிவில் கையெழுத்துப் போட அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள். நானும் அந்த அம்மாவும் தனியானோம்.

'நீங்க?' என்று எழுதினார்.

"சிஸ்டரோட தம்பி."

'நல்ல அக்கா.'

நான் கேட்டுவிட்டேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லாமல் கேட்டேன். அக்கா தன் வகுப்பில் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பாள் என்று தெரியும், தெரிந்தும் கேட்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர்கிட்ட ஏதோ சந்தேகம் கேக்கணும்னு இருந்தீங்களாமே. என்ன சந்தேகம்மா அது?"

என்னையே பார்த்தார். இது இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்கலாம். பிறகு, மூன்று மாதமாக அதை யாரும் கேட்கவே இல்லை என்பதுபோல, நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி நிதானமாக எழுதினார். என் பக்கம் திருப்பினார்.

படித்தேன்.

ஒரே ஒரு வரி. நான் வைத்திருந்த மூன்று கேள்விகளில் அதுவும் இருந்ததா, இல்லையா என்று சொல்ல மாட்டேன்.

அடியில் இன்னொரு வரியும் இருந்தது. 'யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. வெக்கமா இருக்கு.' நான் தலையசைத்ததும் தாளைக் கிழித்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்துத் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போனாள்.

"கேட்டுட்டே. உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

'அமைதி காக்கவும்' பலகையைப் பார்த்தேன்.

"சொல்லு. குரல் பத்தியா?"

நான் சொன்னால் அக்காவுக்கு அந்தக் காலி இடத்தை நிரப்ப எளிதாக இருக்கும். எந்த எண்ணை எழுதினாலும் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஒரு வார்த்தைதான். என் அக்கா. எனக்குக் காலேஜ் ஃபார்ம் நிரப்பியவள்.

"சொல்லக் கூடாதுன்னாங்கக்கா."

"டேய், நான் உன் அக்காடா."

"தெரியும்."

"பதினோரு மணியாகப் போகுது."

"தெரியும்க்கா."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் முதல் முறையாக அவள் முகம் லேசாகத் தளர்ந்தது.

"பதினஞ்சு வருஷமா ஆஸ்பத்திரிக் கதை எழுதறே. இன்னிக்குத்தான்டா நர்ஸ் வேலை பாத்திருக்கே."

கையை நீட்டினாள். "பேனா குடு."

கொடுத்தேன். போகிற வழியில் பெஞ்சருகே நின்று, அந்த அம்மாவின் தோளைத் தொட்டாள். இரண்டு பேரும் ஒன்றாகவே உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

10

இதைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காவலாளியிடம் இரவல் வாங்கிய பேனா. மை விட்டு விட்டு வருகிறது.

[கதவு திறந்தது. அக்காவின் கண்களில்—]

இல்லை. கதவு இன்னும் திறக்கவில்லை.

[உள்ளிருந்து அந்த அம்மாவின் குரல்—]

அதுவும் இல்லை. அந்த அளவுக்கு நான் கெட்ட எழுத்தாளன் இல்லை.

முடிவு என்னிடம் இல்லை. அந்த அம்மா எழுதிக் காட்டிய கேள்வி என்னிடம் இருக்கிறது. அதைத் தர மாட்டேன். அதைப் பிரசுரிக்க எனக்கு அவர் ஒப்புதல் தரவில்லை. அக்காவைப் போலவே நீங்களும் அது தெரியாமல்தான் உள்ளே போக வேண்டும்.

அக்காவின் இரண்டு வரிக் கடிதத்தை இங்கே எழுதி உங்களிடம் தருகிறேன். உங்களுக்கு யாரும் ஊசி போடவில்லை. தெளிவாக இருக்கிறீர்கள். டிராலி எதுவும் காத்திருக்கவில்லை, தியேட்டரில் யாரும் கத்தவில்லை. ஏதாவது சந்தேகம் இருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள். கேட்டு, பதில் கிடைத்த பிறகு நேரத்தைப் போட்டால் போதும்.

நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கியது நான்தான்.
வாங்கிய நேரம்: காலை ________